விவிலியத்தைத் திறக்கும் முன்

(வானொலி மறையுரைச் சிந்தனை)



நம் இல்லங்களில் பெரும்பாலும் திருவிவிலியம் இருக்கிறது. திருமணத்துக்குப் பரிசாக வந்தது, புதுநன்மை வாங்கிய நாளில் ஞானப்பெற்றோர் தந்தது, மறைக்கல்வித் தேர்வில் கிடைத்தது எனச் சில வீடுகளில் இரண்டு மூன்று பிரதிகள்கூட உண்டு. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, மெழுகுதிரிக்கும் செபமாலைக்கும் பக்கத்தில் அது மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதை நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்ற ஆசையும் நமக்கு இல்லாமல் இல்லை. புத்தாண்டு அன்றோ, சாம்பல் புதன் அன்றோ தீர்மானம் எடுக்கிறோம். தொடக்க நூலில் ஆரம்பிக்கிறோம். ஆபிரகாமும் யோசேப்பும் மோசேயும் நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள். லேவியர் நூலில் பலிகளைப் பற்றிய சட்டங்கள் வந்ததும் வேகம் குறைகிறது. எண்ணிக்கை நூலின் மக்கள்தொகைக் கணக்கில் பலர் நின்றுவிடுகிறோம். நிற்காமல் தொடர்ந்து வாசிப்பவர்களும் ஒரு முறையீட்டோடு அருள்பணியாளரிடம் வருவதுண்டு: "ஃபாதர், தினமும் வாசிக்கிறேன். ஆனா மனசுல ஒண்ணும் ஒட்டல."

இந்த முறையீடு உண்மையானது. வாசிப்பதற்கு எந்த நேரம், எந்தப் பகுதி, எத்தனை அதிகாரம் என்றெல்லாம் நாம் திட்டமிடுகிறோம். வாசிக்கப்போகிற நம்மை ஆயத்தம் செய்ய மறந்துவிடுகிறோம். விதைப்பவர் உவமையில் (மாற்கு 4:1-20) விதை ஒன்றுதான், விதைப்பவரும் ஒருவர்தான். பாதை, பாறை, முட்செடி, நல்ல நிலம் என்று வேறுபட்டது மண் மட்டுமே. உழாத நிலத்தில் விதைத்துவிட்டு விதையைக் குறை சொல்லும் விவசாயி யாரும் இல்லை. ஆகவே, நாளும் இறைவார்த்தையைத் திறக்கும் முன் நம் உள்ளத்தை எப்படி உழுது வைப்பது என்பதை இன்று சேர்ந்து சிந்திப்போம்.

ஒரே நூல், இரண்டு வாசிப்புகள்

புனித அகுஸ்தீனாரின் வாழ்வில் இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 19 வயதில், உரோமை அறிஞர் சிசரோ எழுதிய ஒரு நூல் அவருக்குள் ஞானத்தின்மீது பெரும் தாகத்தை எழுப்பியது. அந்தத் தாகத்தோடு அவர் விவிலியத்தையும் எடுத்து வாசித்தார். ஏமாந்துபோனார். சிசரோவின் நடையழகுக்கு முன்னால் விவிலியத்தின் எளிய மொழி அவருக்கு மட்டமாகத் தெரிந்தது. மூடி வைத்துவிட்டார். அதன்பின் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மனிக்கேயர் என்ற குழுவினரின் போதனையில் சிக்கிக் கிடந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, ஆயராகிவிட்ட நிலையில், தம் வாழ்க்கையைக் கடவுள் முன் அறிக்கையிட்டு எழுதிய நூலில், அன்று நடந்தது என்ன என்று அவரே விளக்குகிறார். விவிலியத்தின் நுழைவாயில் தாழ்வானது. உள்ளே போகப்போகத்தான் அதன் உயரம் தெரியும். அன்று தம் செருக்கு தம்மைக் குனியவிடவில்லை என்பது அவர் தரும் விளக்கம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் நிலைவாசலை நினைத்துப் பார்ப்போம். குனிந்து நுழைகிறவருக்கு உள்ளே விசாலமான முற்றம் இருக்கிறது. நிமிர்ந்தபடி நுழைய முயன்றால் நெற்றியில் இடிதான் கிடைக்கும்.

அதே அகுஸ்தீன், 386ஆம் ஆண்டு, இத்தாலியின் மிலான் நகரில், ஒரு தோட்டத்தில் அத்திமரத்தடியில் விழுந்து அழுதுகொண்டிருந்தார். பழைய வாழ்வை விடவும் முடியவில்லை, அதோடு வாழவும் முடியவில்லை. அப்போது பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்து வாசிக்கச் சொல்லும் ஒரு சிறு குரல் அவர் காதில் விழுந்தது. எழுந்துபோய்த் திருத்தூதர் பவுலின் திருமுகங்களைத் திறந்தார். உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், களியாட்டத்தையும் ஒழுக்கக்கேட்டையும் களைந்துவிட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ள அழைக்கும் இரண்டு வசனங்கள் கண்ணில் பட்டன. அதற்குமேல் வாசிக்க அவர் விரும்பவில்லை. வாசிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார்.

19 வயதில் ஒன்றும் சொல்லாத நூல், 31 வயதில் அவர் வாழ்வையே திருப்பிப் போட்டது. நூல் மாறவில்லை. வாசித்தவர் குனியக் கற்றிருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அகுஸ்தீனாரைப்போல் கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தை இன்றைய கடவுளின் பதிலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. 'வேலை கிடைக்குமா, வரன் அமையுமா' என்று மனதில் நினைத்துக்கொண்டு திறப்பவர்களும் உண்டு. கிளி ஜோசியம் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. அகுஸ்தீனார் அன்று முன்பின் தெரியாத ஒரு நூலைத் திறக்கவில்லை. அதற்கு முன்பே பவுலின் திருமுகங்களை ஆர்வத்தோடு வாசித்து வந்தார். ஆயர் அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டு வந்தார். அந்த இரண்டு வசனங்கள் விழுந்தது பலகாலம் உழப்பட்ட நிலத்தில்.

அன்று அந்தத் தோட்டத்தில் அவர் நினைவுக்கு வந்தவர் எகிப்து நாட்டின் வனத்து அந்தோணியார். பெற்றோரை இழந்த இளைஞரான அந்தோணியார் ஆலயத்துக்குள் நுழைந்தபோது, உள்ளதை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு செல்வரான இளைஞரிடம் இயேசு கூறும் நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. அது தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்று, தம் நிலங்களைக் கொடுத்துவிட்டார். இது நாம் கேள்விப்பட்ட கதைதான். ஆனால் அவருடைய வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் அதற்கு முன் ஒரு சிறு செய்தியைச் சொல்கிறார். ஆலயத்துக்கு நடந்து வரும் வழியெல்லாம், திருத்தூதர்கள் அனைத்தையும் விட்டுவிட்டு இயேசுவைப் பின்பற்றியதைப் பற்றியே அந்தோணியார் சிந்தித்துக்கொண்டு வந்தாராம். அதே ஆலயத்தில் அதே வாசகத்தை அன்று எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். வழியிலேயே ஆயத்தமாகிவிட்ட ஒருவரின் உள்ளத்தில் அது தைத்தது.

திருப்பலி நமக்குக் கற்றுத்தருவது

எப்படி ஆயத்தமாவது? புதிதாக ஒரு முறையைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. ஞாயிறுதோறும் திருப்பலியில் திருஅவை அதை நமக்குச் செய்து காட்டுகிறது. நற்செய்தி வாசகத்துக்கு முன் நடப்பதைக் கவனித்துப் பார்ப்போம். உட்கார்ந்திருக்கும் நாம் எழுந்து நிற்கிறோம். அல்லேலூயா பாடுகிறோம். அருள்பணியாளர் பீடத்தின் முன் குனிந்து, தம் உள்ளத்தையும் உதடுகளையும் தூய்மையாக்குமாறு கடவுளிடம் தாழ்ந்த குரலில் மன்றாடுகிறார். எத்தனையோ ஆண்டுகள் இறையியல் படித்தவர், நூற்றுக்கணக்கான முறை அதே பகுதியை வாசித்தவர், ஒவ்வொரு முறையும் குனிந்து வேண்டிக்கொண்ட பிறகே வாசக மேடைக்குச் செல்கிறார். பின் அவரும் நாமும் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொள்கிறோம்.

அவசரத்தில் கொசு விரட்டுவதுபோல் நாம் செய்துவிடும் அந்த மூன்று சிறு சிலுவைகளில், இறைவார்த்தை வாசிப்புக்கான முழு ஆயத்தமும் அடங்கியிருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

நெற்றியில் சிலுவை: மனத்தின் ஆயத்தம்

மனம் ஆயத்தமாவதற்கு முதல் தேவை அமைதி. காலையில் கண் விழித்ததும் கை தேடுவது கைப்பேசியை. இரவு வந்த வாட்ஸ்அப் செய்திகள், உறவினர் குழுவின் படங்கள், நாட்டு நடப்பு என்று அரைமணி நேரம் போன பிறகு விவிலியத்தைத் திறந்தால், மனம் ஏற்கெனவே சந்தைக்கடையாகியிருக்கிறது. விவிலியத்தைக் கைப்பேசியில் வாசிப்பது தவறில்லை. ஆனால் வாசிக்கும் நேரத்திலாவது மற்ற ஒலிகளை நிறுத்தி வைப்போம்.

இது நம் காலத்துக்கு மட்டும் உரிய தொல்லை என்று நினைக்கவேண்டாம். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 48ஆம் அதிகாரத்தில், நாள்தோறும் இறைநூல் வாசிப்புக்கென்று நேரம் ஒதுக்குகிறார். அதோடு, வாசிப்பு நேரத்தில் மூத்த துறவியர் ஓரிருவர் மடத்தைச் சுற்றி வந்து, யாராவது வாசிக்காமல் சோம்பிக் கிடக்கிறார்களா, வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறார். துறவு மடத்திலேயே மனம் அலைபாயும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கைப்பேசி இல்லாத காலத்தில் அவர்களுக்குக் காவல் தேவைப்பட்டது என்றால், நமக்கு எவ்வளவு தேவை! அந்த ஒழுங்கு நூலின் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான்.

மனத்தின் இரண்டாவது ஆயத்தம், வாசிக்கப்போகும் பகுதியைப் பற்றிய சிறிது அறிவு. 73 நூல்கள் அடங்கிய ஒரு நூலகம் விவிலியம். வரலாறு, சட்டம், பாடல், பழமொழி, மடல், காட்சி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. பாடலைச் சட்டம்போல் வாசித்தாலோ, உவமையைச் செய்திபோல் வாசித்தாலோ குழப்பமே மிஞ்சும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், முன்னால் என்ன நடந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாசித்தால் பல கதவுகள் திறக்கும்.

எடுத்துக்காட்டாக, காணாமற்போன மகன் உவமையை எடுத்துக்கொள்வோம். வீடு திரும்பிய இளைய மகனோடு அதை முடித்துவிடுகிறோம். ஆனால் லூக்கா 15ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை வாசித்தால், இயேசு பாவிகளோடு உணவருந்துவதைப் பார்த்து முணுமுணுத்த பரிசேயர், மறைநூல் அறிஞர் முன்னிலையில் சொல்லப்பட்ட உவமை அது என்று தெரிகிறது. அப்போது, வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கும் மூத்த மகன்மீது நம் பார்வை விழுகிறது. ஒழுங்காகப் பூசைக்கு வருகிற, அதனாலேயே வராதவர்களைக் குறைத்துப் பார்க்கிற நாமே அங்கு நிற்கிறோம். இரண்டு வசனம் முன்னால் போய் வாசித்ததால் கிடைத்தது இது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும், பக்கத்தின் அடியில் குறிப்புகளும் இருக்கின்றன. பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. ஒரு நூலைத் தொடங்கும் நாளில் அந்த முன்னுரையை மட்டும் வாசிப்பது ஐந்து நிமிட வேலை. எருசலேமிலிருந்து தேரில் திரும்பிக்கொண்டிருந்த எத்தியோப்பிய நிதி அலுவலர் எசாயா நூலை வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, விளக்க ஒருவர் இல்லாமல் எப்படிப் புரியும் என்று தயங்காமல் ஒத்துக்கொண்டார் (திருத்தூதர் பணிகள் 8). ஓர் அரசியின் கருவூலத்தையே நிருவகித்தவருக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை. நாமும் பங்குத்தந்தையிடமோ, மறைக்கல்வி ஆசிரியரிடமோ, அன்பியக் கூட்டத்திலோ கேட்கலாம்.

உதட்டில் சிலுவை: மன்றாட்டின் ஆயத்தம்

எசாயா இறைவாக்கினர் கடவுளின் மாட்சியைக் கண்டபோது முதலில் உணர்ந்தது தம் உதடுகளின் தூய்மையின்மையை. சேராபீன் ஒருவர் பலிபீடத்திலிருந்து எடுத்த நெருப்புப் பொறியால் அவற்றைத் தொட்ட பின்னரே, கடவுளின் குரலுக்கு அவரால் பதில் சொல்ல முடிந்தது (எசாயா 6). நேற்று மாலை அடுத்தவரைப் பற்றிப் புறம் பேசிய அதே வாயால் இன்று காலை இறைவார்த்தையை உச்சரிக்கப் போகிறோம். ஆகவே முதலில் ஒரு சிறு மனத்துயர் செபம் சொல்வது பொருத்தமானது.

அடுத்து, தூய ஆவியாரிடம் மன்றாட்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், மறைநூல் எந்த ஆவியாரால் எழுதப்பட்டதோ அதே ஆவியாரின் துணையோடுதான் வாசிக்கப்படவேண்டும் என்று கற்பிக்கிறது. மன்றாட்டு இல்லாத வாசிப்பு கடவுளோடு உரையாடலாக மாறாது என்பதையும் அது நினைவூட்டுகிறது. நீண்ட செபம் தேவையில்லை. சிறுவன் சாமுவேலுக்குக் குரு ஏலி கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வரிதான். கேட்பதற்கு நான் தயார், நீர் பேசும் என்பதே அதன் பொருள். மூன்று முறை அழைப்பு வந்தும் அது யார் குரல் என்று சாமுவேலுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லக் கற்றுக்கொண்ட பிறகே கடவுளின் செய்தி அவரை எட்டியது (1 சாமுவேல் 3).

உதட்டில் இடும் சிலுவை இன்னொன்றையும் நமக்குச் சொல்கிறது. கூடுமானவரை வாய்விட்டு வாசிப்போம். எத்தியோப்பிய அலுவலர் தனியாகத் தேரில் இருந்தபோதும் சத்தமாகவே வாசித்தார்; அதனால்தான் ஓடிவந்த பிலிப்பின் காதில் அது விழுந்தது. கண்ணால் மட்டும் வாசிக்கும்போது தெரிந்த பகுதிகளைத் தாவிக் கடந்துவிடுகிறோம். வாய் வாசிக்கும்போது வேகம் தானாகக் குறைகிறது, காதும் கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், பள்ளிக்குப் புறப்படும் பேரனும் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் அது உணவாகிறது. அச்சு இயந்திரம் வருவதற்கு முன் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் இறைவார்த்தையைக் காதால் கேட்டே வாழ்ந்தார்கள், புனிதர்களானார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

நெஞ்சில் சிலுவை: உள்ளத்தின் ஆயத்தம்

மூன்றாவது ஆயத்தமே கடினமானது. வாசிப்பது எனக்காக என்ற உறுதி அது.

தாவீது அரசர், உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போரில் சாகவிட்ட பிறகு, நாத்தான் இறைவாக்கினர் அவரிடம் ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுகள் வைத்திருந்த செல்வர் ஒருவர், தம் விருந்தாளிக்குச் சமைப்பதற்காக, ஏழை ஒருவர் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட கதை. தாவீது கொதித்தெழுந்து, அந்த மனிதன் சாகவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த மனிதன் நீரே என்றார் நாத்தான் (2 சாமுவேல் 12). தாவீது கதையைக் கவனமாகத்தான் கேட்டார், நியாயமாகத்தான் கோபப்பட்டார். ஆனால் அது வேறு யாரையோ பற்றியது என்று எண்ணிக் கேட்டார்.

நாமும் அப்படித்தான் வாசிக்கிறோம். மன்னிப்பைப் பற்றி வாசிக்கும்போது மருமகள் நினைவுக்கு வருகிறாள். மருமகளுக்கு மாமியார் நினைவு வருகிறது. வெளிவேடத்தைப் பற்றி வாசிக்கும்போது பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் கண்முன் நிற்கிறார். 'இதை அவர் வாசிக்க வேண்டும்' என்று வசனத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டும் விடுகிறோம். வார்த்தை நம் வீட்டு வாசலுக்கு வந்த கடிதம். அதைப் பிரிக்காமலேயே பக்கத்து வீட்டு முகவரி எழுதி அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே திறப்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இன்று எனக்கு மாறவேண்டிய ஒன்றைக் கடவுள் சுட்டிக்காட்டினால் அதைச் செய்ய எனக்கு மனமிருக்கிறதா? முழு மனமில்லை என்றால், அந்த மனத்தைத் தருமாறாவது கேட்போம். வார்த்தையைக் கேட்டும் அதன்படி நடவாதவரைக் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு உடனே மறந்துவிடுகிறவருக்கு ஒப்பிடுகிறார் யாக்கோபு. முகத்தில் கரி இருப்பதைப் பார்த்தும் துடைக்காமல் போகிறவர், கண்ணாடியை எத்தனை முறை பார்த்தாலும் பயனில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற விவிலிய அறிஞர் தம் மக்களிடம் ஒரு கேள்வி எழுப்பினார். நற்கருணையைப் பெறும்போது ஒரு துகள்கூடக் கீழே விழாமல் அத்தனை கவனமாக இருக்கிறீர்களே, இறைவார்த்தையைக் கவனமின்றிச் சிந்திவிடுவது மட்டும் சிறிய குற்றமா என்பது அந்தக் கேள்வியின் கருத்து. ஆண்டவரின் திருவுடலுக்குக் காட்டும் வணக்கத்தை இறைநூலுக்கும் திருஅவை எக்காலமும் காட்டி வந்திருக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்கிறது. நற்கருணை வாங்குவதற்கு முன் உண்ணா நோன்பு இருந்து ஆயத்தமாகிறோம். வார்த்தைக்கு முன் இரண்டு நிமிட அமைதியாவது தரவேண்டாமா?

பத்து நிமிடத்தில் ஒரு நடைமுறை

'கேட்க நன்றாக இருக்கிறது, காலையில் தண்ணீர் பிடிக்கவும் சமைக்கவும் பிள்ளைகளைக் கிளப்பவுமே நேரம் போதவில்லையே' என்று தாய்மார்கள் நினைப்பது நியாயம். ஆகவே பத்து நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு வழியைச் சொல்கிறோம்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்ற கேள்வியைத் திருஅவையிடமே விட்டுவிடலாம். 1969இல் ஒழுங்குபடுத்தப்பட்ட திருப்பலி வாசகத் திட்டத்தில், பொதுக்காலத்து வார நாள்களில் முதல் ஒன்பது வாரம் மாற்கு, அடுத்து 21ஆம் வாரம் வரை மத்தேயு, பின் 34ஆம் வாரம் வரை லூக்கா என நற்செய்திகள் வரிசையாக வருகின்றன. யோவான் நற்செய்தி பெரும்பாலும் தவக்காலத்தின் பிற்பகுதியிலும் பாஸ்கா காலத்திலும் வாசிக்கப்படுகிறது. நாள்காட்டியில் அன்றைய நற்செய்திக் குறிப்பைப் பார்த்து வாசித்தால், உலகெங்கும் உள்ள திருஅவையோடு சேர்ந்து ஒரே பந்தியில் உண்பதாகும். முதன்முறையாகத் தொடங்குகிறவர்கள் 16 அதிகாரங்களே உள்ள மாற்கு நற்செய்தியை எடுத்துக்கொள்ளலாம்.

முந்தின இரவு, படுக்கும் முன், நாளைய நற்செய்தியை ஒருமுறை வாசித்துவிட்டு உறங்குவோம். அந்தோணியாருக்கு வழிநடை செய்த வேலையை நமக்கு இரவு செய்யும்.

காலையில், அல்லது இரவுப் பணி முடித்து வருகிறவர்களுக்கு வீடு திரும்பியதும், எப்போதும் ஒரே இடத்தில் அமர்வோம். ஒரு நிமிடம் அமைதி. மூன்று சிலுவைகளையும் நிதானமாக வரைந்து, தூய ஆவியாரிடம் ஒரு நிமிடம் மன்றாட்டு. மூன்று நிமிடம் வாய்விட்டு இருமுறை வாசிப்பு. நம்மைத் தொட்ட ஒரு சொல்லோடு மூன்று நிமிடம் தங்குதல். அந்தச் சொல்லுக்கு நம் பதிலாக ஒரு நிமிட மன்றாட்டு. கடைசி நிமிடத்தில், இன்று செய்யப்போகும் ஒரு சிறு செயல்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் குயிகோ என்ற கர்த்தூசியத் துறவி, வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைவனில் ஒன்றித்தல் என நான்கு படிகள் கொண்ட ஏணியாக இதை விளக்கினார். 2010இல் வெளியிட்ட திருத்தூது அறிவுரையில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், இந்த வாசிப்பு செயலில் முடியாதவரை நிறைவு பெறாது என்றார். அகல உழுவதைவிட ஆழ உழு என்கிறார்கள் நம் முன்னோர். ஐந்து அதிகாரம் ஓடுவதைவிட ஐந்து வசனத்தில் நிற்பது மேல்.

வறண்ட நாள்கள்

இத்தனையும் செய்த பிறகும் சில நாள்களில் ஒன்றும் பேசாது. அப்போது மனம் தளரவேண்டாம். மனம் மாறிய பிறகு, திருமுழுக்குக்கு ஆயத்தமாக எதை வாசிக்கலாம் என்று அகுஸ்தீனார் கேட்டபோது, எசாயா நூலை வாசிக்கச் சொன்னார் ஆயர் அம்புரோஸ். அகுஸ்தீனார் வாசித்துப் பார்த்தார், தொடக்கமே புரியவில்லை. ஆண்டவரின் மொழி தமக்கு இன்னும் பழகட்டும் என்று அதைத் தள்ளி வைத்தார். 19 வயதிலும் மூடி வைத்தார், இப்போதும் மூடி வைத்தார். அன்று நூல் தமக்குத் தகுதியில்லை என்று எண்ணி மூடினார். இன்று தமக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று மூடினார். புரியாத பகுதியை அப்படித் தாழ்மையோடு தள்ளி வைக்க நமக்கும் உரிமை உண்டு.

ஒரு நாள் விட்டுப்போனால், விட்டதைச் சேர்த்து வாசிக்கக் கடன் கணக்கு வைக்கவேண்டாம். இன்றைய பகுதியை இன்று வாசிப்போம். பெரோயா நகர மக்கள் நாள்தோறும் மறைநூலை ஆராய்ந்து பார்த்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் பாராட்டுகிறது (17:11). அந்த 'நாள்தோறும்' என்பதில்தான் வலிமை இருக்கிறது.

ஏனெனில், அன்பார்ந்தவர்களே, வார்த்தை நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைத் தேடித் திறக்க நமக்கு நேரமும் இராது, நிதானமும் இராது. பாலைநிலத்தில் நாற்பது நாள் பசியோடு இருந்தபோது சோதனை வந்தது. இயேசுவின் கையில் சுருளேடு எதுவும் இருக்கவில்லை. மூன்று சோதனைகளுக்கும் இணைச்சட்ட நூலிலிருந்து அவர் பதில் சொன்னார். சிலுவையில் தொங்கியபோது அவர் வாயில் வந்தவை திருப்பாடல்களின் சொற்கள். நாசரேத்து வீட்டிலும் தொழுகைக்கூடத்திலும் நாளுக்கு நாள் கேட்டு நெஞ்சில் சேர்ந்தவை, அந்த இறுதி வேளையில் மன்றாட்டாக எழுந்தன. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கதவுக்கு வெளியே நாம் காத்திருக்கும் ஓர் இரவு வரும். வீட்டு நடுவில் ஓர் உடல் கிடத்தப்பட்டிருக்கும் நாள் வரும். கோபத்தில் கை ஓங்கும் ஒரு நொடி வரும். அன்று உள்ளே என்ன சேர்ந்திருக்கிறதோ, அதுதான் எழுந்து வரும். இன்று காலை நாம் தரும் பத்து நிமிடம் அந்த நாளுக்கான சேமிப்பு.

எருசலேமில் தண்ணீர் வாயில் முன் எஸ்ரா திருச்சட்ட நூலைத் திறந்தபோது, மக்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். விடியற்காலைமுதல் நண்பகல்வரை கேட்டார்கள், அழுதார்கள். பின்னர், அழவேண்டாம், விருந்துண்டு, இல்லாதவர்க்கும் பகிர்ந்து கொடுங்கள் என்று அனுப்பப்பட்டார்கள் (நெகேமியா 8). எழுந்து நின்று கேட்ட வார்த்தை, மகிழ்ச்சியிலும் பகிர்விலும் முடிந்தது. நம் இல்லங்களிலும் அவ்வாறே ஆகட்டும்.

மன்றாடுவோம்: அன்புத் தந்தையே, உம் வார்த்தைக்கு முன் குனியும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் நெற்றியைத் தொட்டு, அலையும் மனத்தை அமைதிப்படுத்தும். எங்கள் உதடுகளைத் தொட்டு, அவற்றைத் தூய்மையாக்கும். எங்கள் நெஞ்சைத் தொட்டு, அதை நல்ல நிலமாக்கும். நாளும் நாங்கள் கேட்பதை நாளும் வாழ்ந்து காட்ட, உம் தூய ஆவியாரை எங்களுக்குத் துணையாகத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.